கேட்காத கடன்: போக்கரில் வலுவான சீட்டுக்கு எப்போது பெட் வைப்பது, எப்போது செக் செய்வது

சென்ற மார்கழியில் பிள்ளையார் நோன்புக்காகக் கானாடுகாத்தான் வீட்டில் பங்காளிகளும் தாயபிள்ளைகளும் கூடியிருந்தோம். இழை எடுத்து முடிந்த இரவில், வளவுத் தூண்களுக்கு இடையே ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் வட்டமாக உட்கார்ந்து போக்கர் ஆடினோம். எனக்கு இரண்டு ஏழுகள் வந்திருந்தன. தரையில் விழுந்த முதல் மூன்று சீட்டுகள் இஸ்பேட் ராஜா, இஸ்பேட் ஏழு, டைமன் இரண்டு. மூன்று ஏழுகள் சேர்ந்துவிட்டன என்ற பூரிப்பில், அதை யாருக்கும் காட்டிக்கொள்ளக் கூடாது என்று எண்ணி, ஒன்றும் வைக்காமல் செக் செய்தேன். எதிரே இருந்த அம்மானும் செக் செய்தார். அடுத்து இஸ்பேட் நான்கு விழுந்தது. அதன் பிறகு நான் வைத்ததற்கெல்லாம் அம்மான் தயங்காமல் அதே அளவு வைத்தார், கடைசியில் என் முன்னால் ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் கையில் இருந்தவை இஸ்பேட் ஏஸும் இஸ்பேட் ஒன்பதும். தரையில் இருந்த மூன்றோடு சேர்த்து ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, அதாவது ஃப்ளஷ். அது மூன்று ஏழுகளை வெல்லும். குவியலை இழுத்துக்கொண்டே அவர் சொன்னார்: "நீ மொதல்ல கேக்கவே இல்லையேப்பா. கேக்காத கடனும் பாழு, பாக்காத பயிரும் பாழு."

அன்று நான் பெட் வைத்திருந்தாலும் அம்மான் அதே அளவு வைத்து, அதாவது கால் செய்து, தொடர்ந்திருப்பார். இஸ்பேட் நான்கு விழவே செய்திருக்கும். நான் தோற்றிருக்கவும் கூடும். ஆகவே தோல்வியை என் பிழையாக நான் கணக்கில் எழுதவில்லை. அந்த நான்காவது சீட்டை, பந்தயமாக வைக்கும் புளியங்கொட்டையில் ஒன்றுகூடக் கொடுக்காமல் அவர் பார்க்கும்படி விட்டதுதான் பிழை. வலுவான சீட்டு வந்தவுடன் அதை ஒளித்துவைக்க வேண்டும் என்று மனம் துடிப்பது புதிதாக ஆடுபவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் வழக்கம். அந்தத் துடிப்பை எப்போது அடக்க வேண்டும், எப்போது அதற்கு இடம் கொடுக்கலாம் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

ஆட்டத்தின் விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஆடுவது டெக்சஸ் ஹோல்டெம். ஒருவருக்கு இரண்டு கைச்சீட்டு. தரையில் முதலில் மூன்று பொதுச்சீட்டு, அது ஃபிளாப். பிறகு ஒன்று, அது டர்ன். கடைசியாக ஒன்று, அது ரிவர். கைச்சீட்டு வந்ததும் ஒரு சுற்று, பொதுச்சீட்டு விழும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சுற்று என நான்கு முறை பந்தயம் நடக்கும். அந்தச் சுற்றில் யாரும் இன்னும் ஒன்றும் வைக்காதபோது, தானும் வைக்காமல் முறையை அடுத்தவருக்கு விடுவது செக், வைப்பது பெட். ஒருவர் வைத்ததைவிடக் கூட்டி வைப்பது ரெய்ஸ், சீட்டைப் போட்டுவிட்டு விலகுவது மடக்குவது. எங்கள் வீட்டில் பணம் கிடையாது, புளியங்கொட்டைதான். ஆளுக்கு 200 கொட்டை. சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பிளைண்ட் ஒன்றும் இரண்டும். இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை 2025-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்துவிட்டது. அது இல்லாவிட்டாலும் தாயபிள்ளைகளோடு பணம் வைத்து ஆடுவதில் எனக்கு விருப்பம் இல்லை.

வலுவு என்பது தரையைப் பொறுத்தது

ஒரு சீட்டு வலுவானதா என்பதை அதன் பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது. கையில் ஏஸும் ராஜாவும் இருக்க, தரையில் ராஜா, ஏழு, இரண்டு மூன்றும் வெவ்வேறு இனத்தில் விழுந்தால், அந்த ராஜா ஜோடி மிக நல்ல சீட்டு. அதே ராஜா ஜோடி, தரையில் ராஜா, ஜாக்கி, பத்து மூன்றும் இஸ்பேடாக விழுந்திருக்கும்போது, கையில் இஸ்பேட் ஒன்றுகூட இல்லாவிட்டால், நான்கைந்து பேர் ஆடும் ஆட்டத்தில் அடக்கமாக நடந்துகொள்ள வேண்டிய சீட்டு. கையில் ஜோடியோடு ஃபிளாப் பார்க்கும்போது மூன்றாவது சீட்டும் வந்து செட் அமைவது ஏறத்தாழ எட்டரை முறைக்கு ஒருமுறைதான். இரண்டு ஏஸ்கள் கைச்சீட்டாக வருவதோ 221 முறைக்கு ஒருமுறை. இவ்வளவு அரிதாக வருவதால்தான் அவற்றை வீணாக்கிவிடுவோமோ என்ற அச்சம் எழுகிறது. 'பெட் வைத்தால் எல்லோரும் மடக்கிவிடுவார்களே' என்று கையை இழுத்துக்கொள்வதும் அந்த அச்சத்தால்தான்.

அந்த அச்சத்துக்கு விடையாக ஒரு கேள்வியைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். நான் பெட் வைத்தால், என்னைவிடத் தாழ்ந்த எந்தச் சீட்டு கால் செய்யும்? பொதுவாக 'யாராவது கால் செய்வார்கள்' என்று நினைக்காமல், சீட்டின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். மேலே சொன்ன ராஜா, ஏழு, இரண்டு தரையில் ராஜா-ராணி, ராஜா-ஜாக்கி, ராஜா-பத்து, எட்டு ஜோடி, ஒன்பது ஜோடி என்று ஐந்தாறு பெயர் வரும். அவ்வளவு பெயர் வந்துவிட்டால் பெட் வைப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஒரு பெயரும் வரவில்லை என்றால்தான் செக் செய்வதைப் பற்றிச் சிந்திக்க வேண்டும்.

மூன்று தவணைக் கணக்கு

எங்கள் பக்கத்தில் பேரேடும் ஐந்தொகையும் தெரிந்த பெரியவர்களுக்கு இந்தப் பகுதியை விளக்கத் தேவையே இருக்காது. கொடுக்கல் வாங்கலில் ஒரு தவணை தவறினால் பின்னால் வருவதெல்லாம் சுருங்கும் என்பது அவர்கள் அறிந்ததே. போக்கரில் ஃபிளாப், டர்ன், ரிவர் என்ற மூன்றும் மூன்று தவணைகள். ஒவ்வொரு தவணையிலும் நடுவில் உள்ள குவியலை ஒட்டித்தான் பெட்டின் அளவு அமைகிறது. ஆகையால் முதல் தவணை சிறியதாகத் தோன்றினாலும், அதுதான் மற்ற இரண்டின் அளவைத் தீர்மானிக்கிறது.

கணக்கைப் பாருங்கள். நடுவில் 10 கொட்டை இருக்கிறது, நீங்களும் இன்னொருவரும் மட்டுமே ஆட்டத்தில் இருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் குவியலில் பாதியை வைக்கிறீர்கள், அவர் ஒவ்வொரு முறையும் கால் செய்கிறார். ஃபிளாப்பில் 5 வைத்தால் குவியல் 20 ஆகிறது. டர்னில் 10 வைத்தால் 40 ஆகிறது. ரிவரில் 20 வைத்தால் 80 ஆகிறது. அவரிடமிருந்து உங்களுக்கு வந்தது 35 கொட்டை.

இப்போது ஃபிளாப்பில் செக் செய்துவிட்டு, அடுத்த இரண்டு தவணையில் அதே பாதி அளவை வையுங்கள். டர்னில் 5, ரிவரில் 10, மொத்தம் 15. விட்டது 5 கொட்டைத் தவணைதான், ஆனால் கைக்கு வராமல் போனது 20 கொட்டை. அதை ஈடு கட்ட வேண்டுமானால் டர்னிலும் ரிவரிலும் குவியலின் முழு அளவை வைக்க வேண்டும். முதலில் 10, பிறகு 30, ஆக 40. அதுவரை பேசாமல் இருந்தவர் திடீரென்று குவியல் முழுவதற்கும் பெட் வைத்தால், ராஜா-பத்து வைத்திருப்பவர் சந்தேகப்படாமல் இருப்பாரா? ஃபிளாப்பில் 5 கொட்டையை யோசிக்காமல் கொடுத்திருக்கக்கூடிய அதே மனிதர், ரிவரில் 30 கொட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார்.

ஆகவே என் முதல் விதி இது: வலுவான சீட்டு வந்தால் பெட் வைப்பதே வழக்கமாக இருக்க வேண்டும், செக் செய்வது விலக்கு, விலக்குக்குத்தான் காரணம் சொல்ல வேண்டும். பலர் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பெட் வைப்பதற்குக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த விதி ஃபிளாப் விழுவதற்கு முன்னும் பொருந்தும். இரண்டு ஏஸ்கள் வைத்திருப்பவர், கையில் எது இருக்கிறதென்று தெரியாத ஒரே ஒருவரை எதிர்த்துக் கடைசிவரை சென்றால் நூற்றுக்கு 85 முறை வெல்வார். ரெய்ஸ் செய்யாமல் பதுங்கி, நான்கு பேரை உள்ளே வரவிட்டால், அது நூற்றுக்கு ஏறத்தாழ 56 முறையாகக் குறைந்துவிடும். ஊரே பந்தியில் உட்கார்ந்த பிறகு இலை போதவில்லை என்று சொல்லிப் பயனில்லை.

சும்மா கொடுக்கும் சீட்டின் விலை

தவணையை விடுவதால் வரும் நட்டம் ஒன்று. எதிராளிக்கு அடுத்த சீட்டை விலையில்லாமல் கொடுப்பது இன்னொன்று. இரண்டாவது எவ்வளவு பெரியது என்பது தரையைப் பொறுத்தது. தரையை நான் காய்ந்த தரை, ஈரத் தரை என்று இரண்டாகப் பிரிப்பேன். ஆட்டின் ராஜா, கிளாவர் ஏழு, டைமன் இரண்டு என்று விழுந்தால் அது காய்ந்த தரை. சித்திரை வெயிலில் ஊருணிப் படிகள் அடிவரை தெரிவதைப் போல எல்லாம் வெளிப்படையாக இருக்கும். இனம் சேரவும் வழியில்லை, வரிசை சேரவும் வழியில்லை. இஸ்பேட் ஜாக்கி, இஸ்பேட் எட்டு, டைமன் மூன்று என்று விழுந்தால் அது ஈரத் தரை. இரண்டு இஸ்பேட் வைத்திருப்பவர் ஃப்ளஷுக்குக் காத்திருப்பார். பத்தும் ஒன்பதும் வைத்திருப்பவர் ஏழுக்கோ ராணிக்கோ காத்திருப்பார்.

உங்களிடம் எட்டு ஜோடி இருந்து அந்த ஈரத் தரையில் செட் அமைந்துவிட்டது என்று கொள்வோம். இஸ்பேட் இரண்டு வைத்திருப்பவருக்கு இன்னும் ஒன்பது இஸ்பேட்கள் பாக்கி. அவர் பார்க்காத சீட்டுகள் 47. ஆகவே அடுத்த சீட்டிலேயே அவருக்கு ஃப்ளஷ் அமைய ஏறத்தாழ நூற்றுக்கு 19 வாய்ப்பு, அதாவது ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. பத்து-ஒன்பது வைத்திருப்பவருக்கு எட்டுச் சீட்டுகள் உதவும். அது நூற்றுக்கு 17. இனி விலையைப் பாருங்கள். குவியலில் 40 இருக்கும்போது நீங்கள் 20 வைத்தால், அவர் 20 கொடுத்து 60-ஐ வெல்லப் பார்க்கிறார். அந்த 20 அவருக்குக் கட்டுபடியாக வேண்டுமானால் நான்கில் ஒருமுறையாவது அவருக்குச் சீட்டு விழ வேண்டும். விழுவதோ ஐந்தில் ஒருமுறை. பின்னால் ஃப்ளஷ் அமைந்த பிறகு உங்களிடமிருந்து மேலும் பிடுங்கலாம் என்ற நம்பிக்கையும் அவருக்கு உண்டு என்பதால் இந்தக் கணக்கு இத்துடன் முடிவதில்லை. ஆயினும் இந்தத் தவணையில் அவர் விலைக்கு மேல் கொடுக்கிறார். மூன்றில் ஒரு பங்கு மட்டும் வைத்தால் அவருக்குத் தேவை ஐந்தில் ஒன்று. கிட்டத்தட்டச் சரியான விலைக்கு விற்றுவிட்டீர்கள். செக் செய்தால் விலையே இல்லை.

ஈரத் தரையில் பாதிக்குக் குறையாமல், முக்கால் வரை வையுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். ஃப்ளஷுக்குக் காத்திருப்பவர் அதைக் கட்டாயம் கால் செய்வார். அவர் மடக்க வேண்டும் என்று நாம் விரும்பவில்லை. விலை கொடுக்க வேண்டும் என்றே விரும்புகிறோம். அவரைத் துரத்தியடிக்கும் அளவுக்குக் குவியலைவிடப் பல மடங்கு வைப்பவர்களும் உண்டு. வீட்டுக்கு வந்த வாடிக்கையாளரை வாசலிலேயே விரட்டிவிட்டு, பெட்டிச் சாவியைப் பத்திரமாக இடுப்பில் செருகிக்கொள்வது அது.

ஈரத் தரையில் இன்னொரு தொல்லையும் உண்டு. செக் செய்த பிறகு மூன்றாவது இஸ்பேட் விழுந்துவிட்டால், ஃப்ளஷ் அமையாத எதிராளிகளும் பயந்து நின்றுவிடுவார்கள். அப்போது தோற்க வேண்டியவரிடம் நீங்கள் பெரிதாகத் தோற்பீர்கள், வெல்ல வேண்டியவரிடம் சிறிதாகக்கூட வாங்க முடியாது. அந்த நோன்பு இரவில் எனக்கு நேர்ந்தது இதன் முதல் பாதி.

செக் செய்வதற்கான காரணங்கள்

விலக்குகளுக்கு வருவோம். கையில் ராஜா ஜோடி, தரையில் ராஜா, ராஜா, ஐந்து. நான்கு ராஜாக்களும் உங்களிடமே. இப்போது முன்பு சொன்ன கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: என்னைவிடத் தாழ்ந்த எந்தச் சீட்டு கால் செய்யும்? தரையோடு ஒட்டக்கூடிய நல்ல சீட்டை எல்லாம் நீங்களே வாரிக்கொண்டுவிட்டீர்கள். அவருக்கு மிஞ்சியிருப்பது ஓர் ஐந்தோ, ஒரு கைஜோடியோ, ஒன்றுமே இல்லாத ஏஸோதான். அடுத்து எந்தச் சீட்டு விழுந்தாலும் உங்களுக்கு ஆபத்து கிட்டத்தட்ட இல்லை. மாறாக ஓர் ஏஸ் விழுந்தால் ஏஸ் வைத்திருப்பவருக்கு, உங்களுடையதைவிடத் தாழ்ந்த ஒரு நல்ல சீட்டு அமைந்துவிடும். இங்கே செக் செய்யுங்கள். கடன் வாங்கத் தகுதியில்லாத நிலையில் இருப்பவருக்குக் கொஞ்சம் சம்பாதிக்க அவகாசம் கொடுப்பது போன்றது இது.

இந்த எடுத்துக்காட்டில் பல நிபந்தனைகள் ஒன்றாக நிறைவேறுவதைக் கவனியுங்கள். அடுத்த சீட்டால் உங்களுக்கு ஆபத்து இல்லை; அடுத்த சீட்டால் அவருக்கு ஏதோ ஒன்று அமைய வழி இருக்கிறது; இப்போது பெட் வைத்தால் அவர் மடக்குவது ஏறத்தாழ உறுதி. இவற்றில் ஒன்று மட்டும் இருந்து மற்றவை இல்லாவிட்டால் செக் செய்யத் தகுந்த காரணம் ஆகாது. காய்ந்த தரையில் ஏழுச் செட் வைத்திருப்பவருக்கு ஆபத்து குறைவு என்பது உண்மை. ஆனால் ராஜா வைத்திருப்பவர் மூன்று தவணையும் கட்டத் தயாராக இருக்கிறார் என்பதால், செக் செய்ய முதல் நிபந்தனை மட்டும் போதாது.

நான்காவதாக ஒரு காரணமும் உண்டு. அது எதிராளியின் குணம். நாம் செக் செய்தால் அவரே பெட் வைப்பார் என்று உறுதியாகத் தெரிந்தால், அவர் கையில் ஒன்றும் இல்லாத ஆட்டங்களிலும் அவரிடமிருந்து வாங்கலாம். நாம் பெட் வைத்திருந்தால் அந்த வெறுஞ்சீட்டுகளை அவர் மடக்கியிருப்பார். எங்கள் வீட்டில் சின்ன அயித்தை அப்படிப்பட்டவர். யாராவது செக் செய்தால் அதைத் தனக்கு வந்த அழைப்பாகவே எடுத்துக்கொள்வார்.

1988-ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் ஜானி சானும் எரிக் சைடலும் ஆடிய கடைசி ஆட்டத்தை இதற்கு எடுத்துக்காட்டாகப் பலரும் சொல்வார்கள். சானின் கையில் ஜாக்கியும் ஒன்பதும். தரையில் ராணி, பத்து, எட்டு. ஃபிளாப்பிலேயே அமையக்கூடிய மிக உயர்ந்த ஸ்ட்ரெய்ட், அதாவது அடுத்தடுத்த ஐந்து சீட்டு வரிசை. சைடலிடம் ராணியும் ஏழும். சான் பதுங்கியே இருந்தார். டர்னில் இரண்டு விழுந்தபோது இருவரும் செக் செய்தனர். ரிவரில் ஆறு விழ, சான் மறுபடி செக் செய்ய, சைடல் தன்னிடம் இருந்த அனைத்தையும் வைத்தார், பட்டத்தை இழந்தார். பார்க்கச் சுவையான ஆட்டம்தான். ஆனால் அதைக் கண்டு எல்லோரும் ஸ்ட்ரெய்ட் வந்தவுடன் பதுங்கத் தொடங்குவது சரியல்ல. அங்கே ஆட்டத்தில் இருந்தவர்கள் இருவர் மட்டுமே. எதிராளியின் கையில் மேல்ஜோடி இருந்தது. அவர் தானே முன்வந்து வைக்கக்கூடியவர். நம் வீட்டுத் தரையில் ஆறு பேர் உட்கார்ந்திருக்க, நான்கு பேர் ஃபிளாப் பார்க்க, அதே ராணி-பத்து-எட்டு விழுந்தால், ஒரு ஜாக்கியோ ஒன்பதோ தனியாக வைத்திருப்பவர் அவர்களுள் ஒருவராவது இருப்பார் என்றே கொள்ள வேண்டும். இன்னும் ஒரு சீட்டு விழுந்தால் அவருக்கும் வரிசை சேர்ந்துவிடும்.

உட்காரும் இடமும் உடன் ஆடுபவர்களும்

யாருக்குப் பின் யார் ஆடுகிறார் என்பது செக்கின் பொருளையே மாற்றிவிடும். நீங்கள் முதலில் ஆடுபவராக இருந்தால், செக் செய்த பிறகும் அந்தத் தவணை உயிரோடு இருக்கிறது. பின்னால் இருப்பவர் பெட் வைத்தால் நீங்கள் ரெய்ஸ் செய்து, இழந்ததாகத் தோன்றியதை இரட்டிப்பாக வாங்கலாம். ஃபிளாப்புக்கு முன் ரெய்ஸ் செய்தவர் உங்களுக்குப் பின்னால் அமர்ந்திருந்து, அவர் ஃபிளாப்பிலும் தொடர்ந்து வைக்கும் வழக்கமுடையவராக இருந்தால் இது மிக நல்ல வழி. நீங்கள் கடைசியாக ஆடுபவராக இருந்தாலோ, உங்கள் செக்கோடு அந்தச் சுற்று முடிந்துவிடும். தவணை போனது போனதுதான். ஆகவே கடைசி இடத்தில் இருந்து வலுவான சீட்டைச் செக் செய்ய, முதல் இடத்தில் இருப்பதைவிடப் பெரிய காரணம் வேண்டும். ஆள் எண்ணிக்கை கூடக்கூடவும் அப்படியே: மூவருக்கு மேல் ஃபிளாப் பார்த்திருந்தால் நான் செக் செய்வது மிக அரிது.

ஆட்களைப் பொறுத்தவரை, புளியங்கொட்டை ஆட்டத்தின் தனித்தன்மை ஒன்றை மறக்கக் கூடாது. தோற்றால் போவது கொட்டைதானே என்பதால், 'நீ என்னதான் வச்சிருக்கேன்னு பாத்துருவோமே' என்று கால் செய்பவர்களே இங்கே மிகுதி. அம்மான் அந்த வகை. அவரிடம் எதையும் மறைக்கத் தேவையே இல்லை. ஒவ்வொரு தவணையும் வையுங்கள், கொஞ்சம் கூட்டியே வையுங்கள். மறைப்பது கவனித்துப் பார்ப்பவரிடம் செல்லுபடியாகும். அம்மான் தன் சீட்டை மட்டுமே பார்ப்பார். பெரியப்பச்சி நேர் எதிர். அவர் ஒரு காலத்தில் கடைப் பேரேடு எழுதியவர்; நல்ல சீட்டு இல்லாமல் ஒரு கொட்டையும் நகர்த்த மாட்டார். அவரிடம் மூன்று தவணை கிடைக்காது. ஆகவே காய்ந்த தரையில் ஒரு முறை செக் செய்து, பின் இரண்டு சிறிய தவணையாக வாங்குவதே கூடியமட்டும் கிடைப்பது. அந்த பெரியப்பச்சியே தானாக ரெய்ஸ் செய்தால், என் ராஜா ஜோடியை மடக்கிவிட்டு எழுந்து வெள்ளைப் பணியாரம் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விடுவேன்.

நல்ல சீட்டுக்கு எப்போதும் பெட், கெட்ட சீட்டுக்கு எப்போதும் செக் என்று நடந்தால் எதிராளிகள் நம்மைப் படித்துவிட மாட்டார்களா என்று கேட்கலாம். படித்துவிடுவார்கள், ஆனால் அதற்கு அவர்கள் பல இரவுகள் கவனித்திருக்க வேண்டும். அதற்கு மருந்தாக வலுவான சீட்டைச் செக் செய்வதைவிட, வெறுஞ்சீட்டு வரும்போது சில முறை அதே அளவில் பெட் வைப்பது மேலானது. அளவு மாறாமல் இருக்கட்டும்: செட்டுக்குக் குவியலில் பாதி என்றால் வெறுஞ்சீட்டுக்கும் பாதி.

ரிவரில் எண்ணிப் பார்ப்பது

ரிவர் விழுந்த பிறகு அடுத்த சீட்டு என்ற ஒன்று இல்லை. ஆகவே சும்மா கொடுப்பது பற்றிய அச்சமும் இல்லை. மிஞ்சியிருப்பது ஒரே கேள்வி. நீங்கள் கடைசியாக ஆடுபவர், எதிராளி செக் செய்துவிட்டார் என்றால், உங்கள் பெட்டைக் கால் செய்யும் சீட்டுகளுள் பாதிக்கு மேற்பட்டவை உங்களுடையதைவிடத் தாழ்ந்தவையாக இருக்க வேண்டும். இதைச் சீட்டுகளை எண்ணியே அறியலாம்.

உங்கள் கையில் ஏஸும் ராணியும். தரையில் ஏஸ், ஒன்பது, ஏழு, இரண்டு, ராஜா. ஃப்ளஷுக்கும் ஸ்ட்ரெய்ட்டுக்கும் வழியில்லை. எதிராளி ஃபிளாப்புக்கு முன் கால் மட்டும் செய்தவர், பிறகு இரண்டு தவணையும் கட்டியவர். ஏஸ் நான்கில் ஒன்று உங்கள் கையில், ஒன்று தரையில், மிச்சம் இரண்டு. ஜாக்கி நான்கும் வெளியே இருக்கின்றன. ஆகவே ஏஸ்-ஜாக்கி அமைய 8 வழிகள், ஏஸ்-பத்துக்கு 8, ஏஸ்-எட்டுக்கு 8. தாழ்ந்தவை 24. இனி உயர்ந்தவை: ஏஸ்-ஒன்பது, ஏஸ்-ஏழு, ஏஸ்-இரண்டு ஒவ்வொன்றுக்கும் 6 வழிகள், ஆக 18, ஒன்பது, ஏழு, இரண்டு ஆகியவற்றின் செட் ஒவ்வொன்றுக்கும் 3 வழிகள், ஆக 9. ஏஸ்-ராஜா, ராஜா ஜோடி, ஏஸ் ஜோடி ஆகியவற்றை அவர் முதலிலேயே ரெய்ஸ் செய்திருப்பார் என்று விட்டுவிடுகிறேன். ஏஸ்-ஆறு முதல் ஏஸ்-மூன்று வரை உள்ளவற்றை அவர் இதற்குள் மடக்கியிருப்பார் என்றும் கொள்கிறேன்.

செட் வந்தால் ஃபிளாப்பிலேயே ரெய்ஸ் செய்யும் குணமுடையவர் அவர் என்றால், அந்த 9-ஐக் கழித்துவிடலாம். தாழ்ந்தவை 24, உயர்ந்தவை 18, நூற்றுக்கு 57 முறை நீங்கள் வெல்கிறீர்கள், பெட் வையுங்கள். எல்லா நல்ல சீட்டையும் பதுக்கி வைத்துக் கால் மட்டுமே செய்பவர் அவர் என்றால், தாழ்ந்தவை 24, உயர்ந்தவை 27; வெல்வது நூற்றுக்கு 47 முறை; செக் செய்து சீட்டைக் காட்டிவிடுங்கள். உங்கள் கையும் தரையும் மாறவில்லை. எதிரே இருப்பவரின் பழக்கத்தைப் பற்றி நீங்கள் அறிந்த ஒரு செய்தி முடிவைத் திருப்பிவிடுகிறது. ஆட்டத்தின் நடுவே இவ்வளவையும் எண்ண நேரமில்லை என்று பலர் சொல்வர். உண்மைதான், ஆனால் ஏஸ் ஒன்று கையிலும் ஒன்று தரையிலும் இருந்தால் 8, எதிராளியின் மற்றொரு சீட்டும் தரையில் ஒன்று இருந்தால் 6, தரையில் உள்ள எண்ணுக்குக் கைஜோடி என்றால் 3 என்ற மூன்று எண்களை நினைவில் வைத்தாலே பெரும்பாலான கணக்கு முடிந்துவிடும்.

முதல் இடத்தில் இருந்து ரிவரில் செக் செய்வதற்கு மட்டும் கூடுதலாக ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் செக் செய்தால் அவர் வைப்பாரா, அல்லது அப்பாடா என்று அவரும் செக் செய்துவிடுவாரா? சின்ன அயித்தையாக இருந்தால் வைப்பார். அம்மானாக இருந்தால் செக் செய்துவிடுவார், ஆனால் நீங்கள் வைத்தால் கால் செய்வார். ஆகவே அயித்தைக்குச் செக், அம்மானுக்குப் பெட்.

இதைக் கையில் பழக்கிக்கொள்ள ஆட்டத்துக்கு ஆள் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மதியம் ஒரு கட்டுச் சீட்டை எடுத்து, அதிலிருந்து எட்டு ஜோடியை உங்களுக்கென்று தனியே வைத்துவிட்டு, மிச்சத்தைக் கலைத்து மூன்று சீட்டுகளைத் தரையில் போடுங்கள். எட்டு விழாவிட்டால் அள்ளிக் கலைத்து மறுபடி போடுங்கள். எட்டு விழுந்ததும், காய்ந்த தரையா ஈரத் தரையா என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்; கால் செய்யக்கூடிய தாழ்ந்த சீட்டுகளின் பெயர்களைச் சொல்லுங்கள்; பெட் என்றால் எவ்வளவு, செக் என்றால் எதற்காக என்று ஒரே வாக்கியத்தில் முடியுங்கள். அந்த வாக்கியம் 'எனக்குப் பெரிய சீட்டு வந்திருக்கிறது, அதனால்' என்று தொடங்கினால் சீட்டைக் கலைத்து மறுபடி போடுங்கள்.